பெயர் ஒன்று, பாத்தியதை பலருக்கு

இணையத்தில் பெயர் பதிவு செய்யும் விஷயம் வக்கீல்களுக்கும் யந்திர நிபுணர்களுக்கும் மட்டுமே உரியதென்று நம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். இது பெரும் பிழை. கடைவீதியில் கடைக்கு இடம் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இன்று இணையத்தில் பெயர். ஒரே பெயருக்குப் பலர் நியாயமான பாத்தியதை கொண்டாடும்போது அது யாரைச் சேர வேண்டும் என்பது, சிறு வியாபாரியையும் கைத்தொழிலாளியையும் நேராகப் பாதிக்கும் கேள்வியாகும்.

சிக்கலின் மூலத்தை முதலில் பார்ப்போம். வர்த்தகச் சின்னங்களைப் பற்றிய சட்டம் ஒரு பெயரைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்க இடந்தருகிறது. சர்வதேச முறைப்படி சரக்குகளை 34 வகுப்புகளாகவும் சேவைகளை 11 வகுப்புகளாகவும் பிரித்திருக்கின்றனர். சோப்பு செய்பவர் பதிந்துகொண்ட ஒரு சாதாரணப் பெயரை, வேறு வகுப்பில் பம்பு செய்பவரும் வைத்துக்கொள்ளத் தடையில்லை. அன்றியும் சின்னத்தின் உரிமை தேசத்தின் எல்லையோடு நின்றுவிடும். ஆனால் டொமைன் பெயர் பங்குக்கு இடங்கொடாது. டாட் காம் என்னும் வாலுக்கு முன்னால் ஒரு சொல்லை உலகம் முழுவதிலும் ஒருவரே வைத்துக்கொள்ள முடியும். பந்திக்கு முந்தினவருக்கே இலை. பிந்தி வந்தவர் எவ்வளவு நாணயஸ்தராயினும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதனால் விளைந்த தொல்லைக்கு அமெரிக்காவில் நடந்த நிஸ்ஸான் வழக்கே போதிய சாட்சி. நிஸ்ஸான் என்னும் குடும்பப் பெயருடைய ஒருவர், தம் கம்ப்யூட்டர் வியாபாரத்துக்காக 1994-ல் அப்பெயரை டாட் காமில் பதிந்துகொண்டார். அதே பெயருள்ள ஜப்பானிய மோட்டார் கம்பெனி 1999-ல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. அவர் தமது பக்கத்தில் கார் விளம்பரங்களை இட்டது தவறென்று 2004-ல் அப்பீல் கோர்ட்டு கூறிற்று; எனினும் பெயர் அவரிடமே நிலைத்தது. இரு தரப்பாருக்கும் அப்பெயரில் உரிமை இருந்தது. அவ்வாறிருக்க, இத்தனை வருஷ வியாஜ்யத்தால் காரைத் தேடி வந்தவனுக்கோ கம்ப்யூட்டரைத் தேடி வந்தவனுக்கோ கிட்டிய நன்மை யாது?

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் ஸ்தாபனம் 1998-ல் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்டது. 2016-ஆம் வருஷம் வரையில் அதன் முக்கிய வேலைகள் அமெரிக்க சர்க்காரின் ஒப்பந்தத்தின்கீழ் நடந்துவந்தன. அது 1999-ல் ஏற்படுத்திய வழக்குத் தீர்ப்பு முறை, பிறர் சின்னத்தைக் கெட்ட எண்ணத்துடன் பதிந்து விலை பேசுவோரைத் தண்டிக்கத் தக்கது. நியாயமான உரிமையுள்ள இருவருக்கிடையே அது செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செலவும் அற்பமன்று: ஜினீவாவிலுள்ள உலக அறிவுச் சொத்து ஸ்தாபனத்தில் தனி மத்தியஸ்தர் முன் முறையிடவே 1,500 டாலர் கட்ட வேண்டும். நமது ஊர்ச் சிறு வியாபாரி இதற்கு எங்கே போவான்?

ஆகவே, சண்டையைத் தீர்க்கும் வழியோடு, சண்டையே எழாதிருக்கும் வழியையும் தேட வேண்டும். அவ்வழி டைரக்டரி, அதாவது பொது விலாசப் புஸ்தகம். ஒரு பெயரைத் தேடி வருபவனிடம், அப்பெயருடையோர் அனைவரையும் வரிசையாகக் காட்டி, "நீ தேடுபவர் இவர்களில் யார்?" என்று கேட்பதே அதன் வேலை. உலக அறிவுச் சொத்து ஸ்தாபனம் 1999-ஆம் வருஷத்து அறிக்கையிலேயே இத்தகைய டைரக்டரிகளையும் பொது வாசல் பக்கங்களையும் ஆராய்ந்தது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. ஸ்க்ராபிள் என்னும் சொல் விளையாட்டின் உரிமை, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோவுக்கும் பிற தேசங்களில் மாட்டெலுக்கும் உரியது. அவ்விரு போட்டிக் கம்பெனிகளும் ஒரே டாட் காம் பக்கத்தைப் பொது வாசலாக வைத்து, வந்தவரைத் தத்தம் தேசத்துக்கு அனுப்பி வந்தன. மனமிருந்தால் மார்க்கம் உண்டு.

டைரக்டரியை அமைக்கும் முறையில்தான் நியாயமும் அநியாயமும் அடங்கியுள்ளன. ஒவ்வொரு பதிவிலும் பெயர், சரக்கின் வகுப்பு, தேசம், பதிவு எண், வியாபார ஸ்தலம், இணைய விலாசம் ஆகியவை இருக்க வேண்டும். சர்க்கார் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவற்றைச் சேர்க்க வேண்டும். பணம் கொடுத்தவர் பெயர் மேலே ஏறும் வழக்கம் கிஞ்சித்தும் கூடாது. அகர வரிசையோ வகுப்பு வரிசையோ போதும். பதிவு செய்யாத சிறு வியாபாரிகளுக்குத் தனிப் பகுதி வேண்டும். நெடுநாள் உபயோகத்தால் வரும் உரிமை டொமைன் பெயருக்கும் உண்டென்று நமது சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் சத்யம் இன்போவே வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் டைரக்டரியில் இடம் பெறுவதே உரிமைக்கு அத்தாட்சியாகாது என்பதையும் அதிலேயே தெளிவாக அச்சிட வேண்டும்.

தமிழருக்கு இன்னொரு தேவையும் உண்டு. நம் எழுத்தில் க என்னும் ஓரெழுத்துக்கு இங்கிலீஷில் இரண்டு மூன்று எழுத்துக்கள் வருகின்றன. ஒரே தமிழ்ப் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டு, நான்கு டொமைன்களாகச் சிதறிப்போகிறது. தமிழ் எழுத்தில் தேடினால் அந்நான்கும் ஓரிடத்தில் தோன்றுமாறு டைரக்டரி அமைய வேண்டும்.

தேடு யந்திரங்கள் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்பர். அவை விளம்பரப் பணத்தால் வாழும் அந்நிய முதலாளிகளின் சொத்து. பிறர் சின்னத்தையே விளம்பரத்துக்குரிய தேடு சொல்லாக விற்பது சட்டப்படி அச்சின்னத்தை உபயோகிப்பதே என்று கூகிள் சம்பந்தப்பட்ட வழக்கில் டில்லி ஹைகோர்ட்டு 2023-ல் கூறியிருக்கிறது. ஐகான் 2013-ல் தொடங்கிய சின்னச் சேமிப்பகமோ சின்னமுடையோரின் முன்னுரிமையைக் காப்பதற்கே ஏற்பட்டது. பொது ஜனங்கள் புரட்டிப் பார்க்கும் ஏடன்று.

நமக்கு வேண்டிய கருவிகள் நம்மிடமே இருக்கின்றன. வர்த்தகச் சின்னப் பதிவேட்டைப் பெயராலும் ஒலியாலும் வகுப்பாலும் எவரும் இணையத்தில் தேடலாம். டாட் இன் பெயர்களையும், தமிழ் எழுத்திலேயே அமைந்த இந்தியா என்னும் பெயர் வாலையும் நிக்ஸி ஸ்தாபனம் நிர்வகிக்கிறது. இரண்டும் மத்திய சர்க்காரைச் சார்ந்தவை. இவ்விரு ஏடுகளையும் இணைத்து இலவசமான பொது டைரக்டரி ஒன்றை அமைக்க வேண்டுமென்று வர்த்தக சபைகளும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும். உழைத்துச் சம்பாதித்த நற்பெயர் நம்முடையது. அதற்கு வழிகாட்டும் பலகையை அந்நியர் கையில் விட்டுவைப்பது சுதேசியம் ஆகாது.