சுரங்கத்துக்கு மேலே ஸ்டேடியம்! வீட்டுக்காரர் மாநகராட்சி, வாடகைக்கு இருப்பது கோடீசுவர கிளப்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி கிளப் ஆடும் எத்திகாத் ஸ்டேடியத்தை டெலிவிஷனில் பார்க்காத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. பச்சைப்பசேல் என்ற அந்தப் புல்தரைக்கு அடியில் இருப்பது நிலக்கரிச் சுரங்கம்! வீரர்கள் பயிற்சி எடுக்கும் மைதானங்கள் இருக்கும் இடத்தில் முன்பு சாயத் தொழிற்சாலை இருந்தது. பக்கத்தில் சைக்கிள் பந்தய அரங்கம் நிற்கும் இடத்தில் மின்சார நிலையம் இருந்தது.

ஸ்டேடியம் கிளப்புக்குச் சொந்தமும் அல்ல. அது மான்செஸ்டர் மாநகராட்சியின் சொத்து. உலகத்தின் பெரிய பணக்கார கிளப்புகளில் ஒன்று, மாநகராட்சிக்கு வாடகை கட்டிக் கொண்டு அங்கே ஆடுகிறது.

சுரங்கமும் ஆலையும் மூடி, கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தை ஒரு மாநகராட்சி விலைபோக வைத்தது எப்படி? அந்த லாபம் யார் மடியில் விழுந்தது?

கரிக் காலம்

மான்செஸ்டர் நகரின் மையத்தில் இருந்து கிழக்கே ஒரு மைல் நடந்தால் அந்த இடம் வரும். பகுதியின் பெயர் பிராட்போர்டு. (யார்க்ஷயரில் இருக்கும் பெரிய ஊரான பிராட்போர்டு வேறு.) கோவையைத் "தென்னிந்திய மான்செஸ்டர்" என்று சொல்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டரின் புகைபோக்கிகள் நெருக்கமாக நின்ற பக்கம் இது.

சுரங்கத்தில் வெட்டிய கரி, பக்கத்திலேயே இருந்த ஸ்டூவர்ட் தெரு மின்சார நிலையத்துக்குப் போனது. கூப்பிடு தூரத்தில் கம்பி ஆலை. கொஞ்சம் தள்ளி கார்ட்டனில் பேயர் பீகாக் கம்பெனியின் ரெயில் என்ஜின் தொழிற்சாலை. வங்காள - நாகபுரி ரெயில்வேயில் ஓடிய ராட்சத கேரட் என்ஜின்களும், இலங்கை மலைப்பாதைக்கு என்று போன கேரட் என்ஜினும் அங்கே செய்தவைதான்.

என்ஜின் தொழிற்சாலை 1966-ல் மூடியது. 1968-ல் பிராட்போர்டு சுரங்கமும் மூடியது. கரி தீர்ந்து போய் மூடவில்லை. கீழே தோண்டத் தோண்ட, மேலே கட்டிடங்கள் உள்வாங்க ஆரம்பித்து விட்டன. நஷ்டஈடு கொடுத்து மாளாது என்ற நிலை. மின்சார நிலையம் 1975-ல் நின்றது.

அதற்குப் பிறகுதான் அடி மேல் அடி. 1975-க்கும் 1985-க்கும் நடுவே கிழக்கு மான்செஸ்டரில் இருந்த வேலைகளில் பாதிக்கு மேல் காணாமல் போனது. முடிந்தவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். போக முடியாதவர்கள் இருந்தார்கள். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. நடுவே ஏக்கர் கணக்கில் இடிபாடும் புதரும்.

இந்த மாதிரி நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. பழைய சுரங்கக் குழி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அதை அடைத்து மேலே கான்கிரீட் மூடி போட வேண்டும். எண்ணெய், தார், ரசாயனம் ஊறிய மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே பணம் தண்ணீராக ஓடும். எந்தத் தனியார் முதலாளி இதைச் செய்வார்? சர்க்கார்தான் செய்ய வேண்டும். சர்க்கார் பணம் கொடுக்க ஒரு சாக்கு வேண்டும்.

ஒலிம்பிக் என்ற சாக்கு

அந்தச் சாக்கு ஒலிம்பிக் ரூபத்தில் வந்தது. 1996 ஒலிம்பிக்கைக் கேட்ட மான்செஸ்டர், அட்லாண்டாவிடம் தோற்றது. அசரவில்லை. 2000 ஒலிம்பிக்கையும் கேட்டது. இந்தத் தடவை ஸ்டேடியத்துக்குக் காட்டிய இடம் பழைய சுரங்க நிலம். நிலத்தை வாங்கிச் சுத்தம் செய்ய 1992-ல் மத்திய சர்க்கார் பணம் கொடுக்க முன்வந்தது.

1993 செப்டம்பரில் ஓட்டெடுப்பு. மான்செஸ்டருக்குக் கிடைத்தது 11 ஓட்டு. சிட்னி ஜெயித்தது. ஊரே தலையில் துண்டு போட்டுக் கொண்டது. ஆனால் மாநகராட்சிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒலிம்பிக் போனாலும் நிலம் கைக்கு வந்து விட்டது. சைக்கிள் அரங்கம் 1994-ல் திறந்தாயிற்று. 1995-ல் 2002-ம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியைப் பிடித்தார்கள்.

இந்தக் காரியங்களில் முன்னால் நின்றவர் ஹோவர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அதிகாரி. மாநகராட்சி ஆபீசில் 1971-ல் சாதாரண ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்தவர். 1998-ல் அதே மாநகராட்சியின் தலைமை நிர்வாகி ஆனார். காமன்வெல்த் போட்டி முடிந்த அடுத்த வருடம் "சர்" பட்டம்! 2017-ல் ஓய்வு பெற்றார், 2024-ல் காலமானார். பைல் தள்ளுகிற வேலைதானே என்று அலுத்துக் கொள்பவர்கள் கவனிக்கலாம்.

1999 டிசம்பரில் பிரதம மந்திரி டோனி பிளேர் அடிக்கல் நாட்டினார். கட்டிடச் செலவு சுமார் 11 கோடியே 20 லட்சம் பவுண்டு. (இன்றைக்கு ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல்.) அதில் 7 கோடியே 70 லட்சம் ஸ்போர்ட் இங்கிலாந்து கொடுத்தது. எல்லாம் லாட்டரிச் சீட்டுப் பணம். மீதி மாநகராட்சியுடையது.

2002-ல் போட்டி ஜாம் ஜாம் என்று நடந்தது. இந்தியாவுக்கு 30 தங்கம். சூரஜ் லதா தேவி தலைமையில் இந்தியப் பெண்கள் ஹாக்கியில் இங்கிலாந்தையே தோற்கடித்துத் தங்கம் வாங்கியதும் இதே கிழக்கு மான்செஸ்டரில், பெல் வ்யூ மைதானத்தில்தான்.

ஓட்டப்பாதையைத் தோண்டினார்கள்

போட்டி முடிந்தது. கூட்டம் கலைந்தது. பிறகு ஸ்டேடியத்தை என்ன செய்வது?

இங்கேதான் மான்செஸ்டர் புத்திசாலித்தனமாக நடந்தது. முதல் கல் வைப்பதற்கு முன்பே வாடகைக்கு ஆள் பேசியாகி விட்டது. ஓட்டப்பாதையைப் பெயர்த்து எடுத்தார்கள். தரையைச் சுமார் 6 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி இறக்கினார்கள். கீழே புதிதாக ஒரு வரிசை காலரி வந்தது. 38 ஆயிரம் பேர் உட்கார்ந்த இடத்தில் சுமார் 48 ஆயிரம் பேர் உட்காரலாம் என்று ஆனது. இந்த மாற்றத்துக்கு மாநகராட்சி 2 கோடியே 20 லட்சம் பவுண்டும், உள் அலங்காரம், ஓட்டல் வகைக்கு கிளப் 2 கோடி பவுண்டும் செலவழித்தன. 2003 ஆகஸ்டில் சிட்டி கிளப் குடிவந்தது. முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவை 2-1 என்று ஜெயித்தது.

இதை எல்லாம் யோசிக்காதவர்கள் கதி என்ன? ஷெபீல்டு நகரம் இழுத்து மூடிய உருக்காலை நிலத்தில் 1990-ல் டான் வேலி ஸ்டேடியம் கட்டியது. நிரந்தரமாக ஆட வலுவான கிளப் கிடைக்கவில்லை. பராமரிக்கக் கட்டுப்படியாகாமல் 2013-ல் இடித்துத் தள்ளினார்கள். லண்டனோ 2012 ஒலிம்பிக் ஸ்டேடியத்தை முதலில் கட்டி விட்டுப் பிறகு கிளப் தேடியது. மாற்றிக் கட்டுவதற்கு மட்டும் 32 கோடி பவுண்டுக்கு மேல் பழுத்தது!

வாடகை எவ்வளவு?

சிட்டி கிளப் தன் பழைய மெயின் ரோடு மைதானத்தை மாநகராட்சியிடம் கொடுத்து விட்டு வந்தது. அதை இடித்து விட்டு வீடுகள் கட்டினார்கள். மேட்ச் நாள் கூட்டத்தை நம்பி அங்கே எண்பது வருடம் கடை வைத்திருந்தவர்களுக்கு அந்த வியாபாரம் போனது போனதுதான்.

புதிய ஸ்டேடியத்தில் முதல் ஒப்பந்தம் வேடிக்கையானது. 35 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம் வந்தால், மேலே வரும் டிக்கெட் காசில் பாதி மாநகராட்சிக்கு. கூட்டம் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை.

2008 செப்டம்பரில் அபுதாபி ராஜ குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூரின் கம்பெனி கிளப்பை வாங்கியது. ஆட்டம் மாறியது. 2010-ல் புது ஒப்பந்தம்: வருடத்துக்கு 30 லட்சம் பவுண்டு நிலையான வாடகை. அதற்குப் பதிலாக ஸ்டேடியத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை கிளப்புக்கு. 2011 ஜூலையில் எத்திகாத் விமானக் கம்பெனியின் பெயர் வந்தது. அதுவும் அபுதாபி கம்பெனிதான். சட்டையில் பெயர், ஸ்டேடியத்துக்குப் பெயர் எல்லாம் சேர்த்துப் பத்து வருடத்துக்கு 40 கோடி பவுண்டு வரை என்று பத்திரிகைகள் எழுதின.

பத்து வருட வாடகை 3 கோடி. பத்து வருடப் பெயர் ஒப்பந்தம் 40 கோடி வரை. வீட்டுக்காரர் ஏமாந்தாரா? "நிலம் இன்னமும் நம்முடையது, வருமானம் உறுதியானது" என்பது மாநகராட்சி பக்கத்து நியாயம். தள்ளி விடக்கூடிய நியாயம் அல்ல. ஆனாலும் சுரங்கக் குழியை மூடியது பொதுஜனப் பணம் என்பதை நினைத்தால் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது.

சூதாட்டமும் சிலையும்

வழியில் சறுக்கல்களும் உண்டு. 2007 ஜனவரியில் நாட்டின் ஒரே ராட்சத சூதாட்ட விடுதி மான்செஸ்டருக்கு என்று நிபுணர் குழு சொன்னது. பிளாக்பூலையும் லண்டனையும் தாண்டி வந்த பரிசு. இடம்? ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில்! மார்ச் மாதம் பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. அடுத்து வந்த பிரதம மந்திரி கார்டன் பிரவுன் கைவிரித்தார். ஏழைகள் வாழும் இடத்தில் சூதாட்ட விடுதியா என்று கேட்டவர்களுக்கு நிம்மதி.

சிலை விவகாரம் இன்னும் சுவை. காமன்வெல்த் போட்டி ஞாபகமாக தாமஸ் ஹெதர்விக் என்ற வடிவமைப்பாளர் 56 மீட்டர் உயரத்துக்கு, 180 இரும்பு முட்களோடு ஒரு சிலை செய்தார். செலவு 14 லட்சம் பவுண்டுக்கு மேல். 2005 ஜனவரியில் திறப்பு விழா. விழாவுக்கு ஆறு நாளைக்கு முன் ஒரு முள்ளின் நுனி பொத்தென்று கீழே விழுந்தது! பிறகும் முட்கள் ஆட, வேலி கட்டினார்கள். கேஸ் போட்டு 17 லட்சம் பவுண்டு நஷ்டஈடு பேசி முடித்தார்கள். 2009-ல் சிலையைப் பிரித்தார்கள். நடுப்பாகத்தை 2012-ல் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டதில் கிடைத்தது 17 ஆயிரம் பவுண்டு.

சாயம் போன நிலம்

சாலைக்கு எதிர்ப்புறம் கிளேட்டன் அனிலின் கம்பெனி. 1876-ல் ஆரம்பித்த சாயத் தொழிற்சாலை. பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி ஆன வைஸ்மன், ரசாயன விஞ்ஞானியாக இருந்தபோது இங்கே ஆலோசகராக வேலை பார்த்திருக்கிறார். 1970-களில் 2000 பேருக்கு மேல் வேலை. துணி ஆலைகள் கிழக்கு நாடுகளுக்குப் போனதும் சாயத்துக்கு ஏது கிராக்கி? 2007-ல் பூட்டு.

ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் சாய ரசாயனம் ஊறிய மண். அதைச் சுத்தம் செய்து, கிளப் சுமார் 80 ஏக்கரில் பயிற்சி மைதானங்களையும் 7 ஆயிரம் பேர் உட்காரும் சின்ன ஸ்டேடியத்தையும் 2014 டிசம்பரில் திறந்தது. அபுதாபி பணம் வராமல் இது நடந்திருக்காது என்பதை எதிர்ப்பவர்களும் மறுக்க மாட்டார்கள். ஐந்தரை ஏக்கரை ஊர் உபயோகத்துக்கு விட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கல்லூரி, நீச்சல் குளத்தோடு ஒரு பொழுதுபோக்கு நிலையம் வந்தன. 2013-ல் டிராம் வண்டி வந்தது.

வீடு விஷயத்தில்தான் சண்டை. ஸ்டேடியத்துக்கும் நகர மையத்துக்கும் நடுவே ஆன்கோட்ஸ் என்ற பழைய பஞ்சாலைப் பேட்டை இருக்கிறது. 2014-ல் மாநகராட்சியும் கிளப்பை வாங்கிய அதே அபுதாபி கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து அங்கே அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தன. 2022-ல் ஷெபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு அறிக்கை போட்டார்கள். பொது நிலம் 999 வருடக் குத்தகைக்கு மலிவாகப் போய் விட்டது, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் வீடு அதில் இல்லை என்பது குற்றச்சாட்டு. பெரும் பரபரப்பு. மாநகராட்சி ஒப்புக்கொள்ளவில்லை. 2008 பண நெருக்கடிக்குப் பிறகு கெட்டுப்போன அந்த நிலத்தைத் தொட யார் வந்தார்கள் என்று திருப்பிக் கேட்டது.

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. நாதியற்ற நிலத்துக்கு முதல் ஆளாக வருபவன் மலிவாகத்தான் கேட்பான். ஆனால் பிறகு விலை ஏறும்போது பங்கு கொடு என்று முதல் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும். குழாயடியில் வீட்டை வாடகைக்கு விடுகிற பாட்டிக்குக் கூடத் தெரிந்த சங்கதி இது.

இதற்கு மேலும் கட்டிடம் வளர்ந்து கொண்டுதான் போகிறது. 60 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும்படி வடக்குக் காலரியை உயர்த்தவும், 400 படுக்கை ஓட்டல் கட்டவும் 2023-ல் அனுமதி கிடைத்தது. பக்கத்தில் 23,500 பேர் கொள்ளும் கோ-ஆப் லைவ் கச்சேரி அரங்கம். செலவு 36 கோடியே 50 லட்சம் பவுண்டு. 2024-ல் திறப்பு விழா தேதி தள்ளித் தள்ளிப் போனது. மே 1-ந்தேதி ஒத்திகை நேரத்தில் கூரையில் இருந்து குளிர்சாதனக் குழாயின் ஒரு பாகம் கழன்று விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. மே 14-ந்தேதி ஒருவழியாகக் கதவு திறந்தது.

கூட்டம் வரும் நாட்களில் கார்கள் சந்து பொந்தெல்லாம் நிற்காமல் இருக்க மாநகராட்சி பர்மிட் முறை வைத்திருக்கிறது. சுரங்கத்தொழிலாளி குடியிருந்த தெருவில் இன்று குடியிருப்பவர், மேட்ச் நாளில் தன் வீட்டு வாசலில் தன் காரை நிறுத்தவும் பர்மிட் காட்ட வேண்டும்.