ஓரணுத் தாளில் ஒளியைப் பிடிப்பது எப்படி?

கைப்பேசிக் கேமராவின் சிலிக்கானுக்கு, ஒளியை விழுங்கச் சில மைக்ரான் தடிமன் வேண்டும்.

கார்பன் அணுக்களாலான தாள் கிராஃபீன்; அது ஓரணுத் தடிமன்தான். விழும் ஒளியில் 2.3 சதவீதத்தைப் பிடிக்கிறது. அந்த மெல்லிசுக்கு அது அபாரம்! ஆனாலும் மிச்சம் நழுவிவிடுகிறதே?

சலூனில் எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் நம் முகம் வரிசையாக நீண்டுகொண்டே போகும். ஒரே ஒளி மோதி மோதித் திரும்புகிறது. அப்படி இரு ஆடிகளுக்கு நடுவே கிராஃபீனை வைத்தால், ஒளி அதைப் பலமுறை கடக்கும். ஆடிகளின் இடைவெளி அலைநீளத்தோடு பொருந்த வேண்டும்; அலை உச்சம் கொள்ளும் இடத்தில் தாள் இருக்க வேண்டும். 2012இல் வியன்னா ஆய்வாளர்கள் இப்படி 60 சதவீதத்துக்கு மேல் பிடித்தார்கள். பொருந்தும் நிறத்துக்கு மட்டுமே இது பலிக்கும்.