வெயில் சுட்ட பலகாரம்

மாவும் முட்டையும் பாலும் சேராத பிஸ்கட்டை மேனாட்டார் இன்று புதுமையாகப் போற்றுகின்றனர். மன்னார்த் தீவின் பனங்கூடல்களை அறிந்தோர்க்கு அது புதுமையன்று. ஆடி, ஆவணியில் உதிரும் பனம்பழத்தைப் பிசைந்து, பனங்களியை ஓலைப்பாயில் பரப்பி, காயக் காய மேலும் வார்த்து எடுப்பதே பனாட்டு. கதிரவனே அதற்கு அடுப்பு. அதனைப் பொடியாக நறுக்கி, வறுத்த கச்சானும் எள்ளும் இடித்து, சிறிது பனம்பாணி விட்டு உருட்டினால், இளங்கசப்பும் இனிப்பும் கலந்த நல்ல பலகாரம் கிட்டும்.

போர்க்காலத்தில் காவலரண்களுக்காக வடபுலத்துப் பனைகள் பல வீழ்ந்தன. எஞ்சியவற்றின் கனிகள் பலவும் மணலிலே அழுகுகின்றன. பனையை மீண்டும் நடலாம். பனாட்டுப் போடும் கைகள் ஓய்ந்துவிட்டால் அக்கலையை மீட்பது அரிது. பருவத்துக்கு ஒருமுறையேனும் பள்ளி மாணவர்க்கு அதனைக் கற்பிக்க வேண்டும் என்பேன்.