தேய்ந்த நாணயம் தரும் சான்று

கிணறு தோண்டும்போதும், ஏரியைத் தூர்வாரும்போதும், சாலைக்கு மண் எடுக்கும்போதும் பழங்காசுகள் வெளிப்படுவது நம் நாட்டில் அரிய நிகழ்ச்சியன்று. அவ்வாறு கிடைத்த காசை மக்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது ஊரில் பணிபுரியும் அலுவலரிடமோ பள்ளி ஆசிரியரிடமோதான். “இது எந்தக் காலத்தது? இதற்கு என்ன மதிப்பு?” என்பவையே அவர்கள் எழுப்பும் வினாக்கள். ஆனால், இவ்வினாக்களுக்கு விடை தேடுமுன் காசை வாங்கிய கை தன்னையறியாமல் ஒரு செயலைச் செய்துவிடுகிறது. பித்தளைச் செம்பை விளக்குவதுபோலப் புளியும் உப்பும் சாம்பலும் இட்டுக் காசைப் பளபளக்கத் தேய்த்துவிடுகிறது. அப்பொழுதே அக்காசு கூறவேண்டிய செய்தியின் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. நாணயத்தின் நிலையைக் கணிக்கும் முறையை அறிந்தவர் இத்தவற்றைச் செய்யமாட்டார்.

நிலை என்பது யாது?

நாணயத்தின் நிலை வேறு, பழைமை வேறு. இரண்டாயிரம் ஆண்டு பழைமையுள்ள காசு, புழக்கத்திற்கு வந்தவுடனே புதைக்கப்பட்டிருந்தால், புதுமை குன்றாமல் கிடைக்கலாம். பத்தே ஆண்டுகள் சந்தையில் உருண்ட காசு முகம் மழுங்கிப் போயிருக்கலாம். நாணயச்சாலையை விட்டு வெளிவந்த நாளில் ஒரு காசில் இருந்த உருவங்களும் எழுத்துகளும் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்பதே அதன் நிலை.

நிலை குன்றுவதற்குரிய காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம். கைக்குக் கை மாறுவதால் உலோகம் சிறிது சிறிதாகக் கழிவது தேய்வு. வெட்டு, துளை, கீறல், காது ஒட்டிய தழும்பு முதலியன சேதம். மண்ணும் ஈரமும் காற்றும் உலோகத்தோடு வினைபுரிவதால் தோன்றுவது அரிப்பு. இம்மூன்றையும் தனித்தனியே குறிப்பதே முறை. “பழுதடைந்த காசு” என்று பொதுப்படக் கூறுவதால் பயன் இல்லை.

தேய்வு எங்கே தொடங்கும்?

மேட்டு நிலம் முதலில் அரிக்கப்படுவதுபோல, நாணயத்திலும் உயர்ந்த பகுதிகளே முதலில் தேயும். அரசர் உருவம் பொறித்த காசுகளில் மகுடம், புருவம், கன்னம், காதருகே உள்ள மயிர் ஆகிய இடங்களை முதலில் நோக்க வேண்டும். அடுத்து, உருவத்தின் ஆடை மடிப்புகளையும், இறுதியில் எழுத்துகளையும் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

நாணயம் சேர்ப்போர் இத்தேய்வைப் படிநிலைகளாக வகுத்துள்ளனர். சிறிதும் தேய்வற்றது ‘புழங்காதது’ எனப்படும். மிக உயர்ந்த முனைகளில் மட்டும் தேய்வின் சாயல் தெரிவது ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’. மயிரிழைகளும் ஆடை மடிப்புகளும் ஓரளவு மழுங்கியும் தெளிவாகத் தெரிவது ‘வெரி ஃபைன்’. நுண்ணிய கோடுகள் மறைந்து முக்கிய உருவமும் எழுத்துகளும் தெளிவாக நிற்பது ‘ஃபைன்’. இதற்கும் கீழே ‘வெரி குட்’, ‘குட்’ என இரு படிகள் உண்டு. ‘குட்’ என்னும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. உருவத்தின் புறக்கோடு மட்டும் எஞ்சிய, மிகவும் தேய்ந்த காசுக்கே வணிகர் அப்பெயரை வழங்குகின்றனர்.

அமெரிக்கப் பழஞ்செப்புக் காசுகளை ஆராய்ந்த வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ஆம் ஆண்டில் 1 முதல் 70 வரை எண் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். இன்னதென்று அடையாளம் காணும் அளவுக்கே எஞ்சிய காசு 1; குறையே இல்லாதது 70. இன்று நாணயங்களைத் தரமிடும் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் இவ்வளவுகோலின் வழிவந்த எண்களையே கையாளுகின்றன. 60-உம் அதற்கு மேலும் புழங்காத காசுகளுக்கு உரியவை. எனினும், எண் இடுவதால் மட்டும் கணிப்பு அளவீடாகிவிடாது. ஒரே காசுக்குத் தேர்ந்த இருவர் வெவ்வேறு எண் இடுவதுண்டு.

தேய்வும் தேய்வுபோல் தோன்றுவதும்

மழுங்கிய இடமெல்லாம் தேய்வன்று. அச்சு வலுவாக இறங்காததாலோ, அச்சே பழையதாகிவிட்டதாலோ உருவம் முதலிலேயே மங்கலாக விழுந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒளி உதவும். காசு அச்சடிக்கப்படும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்கிறது. அப்பாய்ச்சலால் கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகள் பரப்பில் உண்டாகின்றன. விளக்கின் கீழ்ப் புதுக்காசைச் சாய்த்துத் திருப்பினால், சக்கரத்தின் ஆரங்கள் சுழல்வதுபோல ஒளிக்கீற்று பரப்பின்மீது சுழலும். அச்சு மங்கலாக விழுந்த இடத்திலும் இவ்வொளி இருக்கும். தேய்ந்த இடத்தில் நுண்கோடுகள் அழிந்துவிடுவதால் அது மங்கிய சாம்பல் நிறமாகத் தோன்றும். மெருகு ஏற்றிய காசோ கண்ணாடிபோல் மின்னும். ஆனால் ஒளி சுழலாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் அதில் தெரியும்.

அச்சின் அமைப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் இதற்கு நல்ல சான்று. அரசரின் அங்கியில் பொறித்த சிறு யானையின் தும்பிக்கை அந்த அச்சில் மிகக் குறுகியிருந்தமையால் அது பன்றிபோல் தோன்றுகிறது என்று மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. காசு திரும்பப் பெறப்பட்டு, 1912-ஆம் ஆண்டு ரூபாயில் யானையின் உருவம் திருத்தப்பட்டது. ஆகவே, 1911-ஆம் ஆண்டுக் காசில் தும்பிக்கை குறுகியிருப்பது அச்சின் குறை. பின்னைய ஆண்டுக் காசில் அது மறைந்திருப்பது தேய்வு. பின்புறத்து ஆண்டைப் பாராமல் முன்புறத்தை மட்டும் பார்த்து முடிவு கூறுபவர் தவறுவது உறுதி.

தராசு கூறும் செய்தி

கண் கணிப்பதைத் தராசு அளந்து காட்டும். 1835 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய்க்கு விதித்த எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா; மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எஞ்சியது கலப்பு உலோகம். 1906-ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டம், எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்த ரூபாய் செல்லுபடியாகாது என்று வரையறுத்தது. ஏறத்தாழ கால் கிராம் உலோகம் தேய்ந்தால், சட்டத்தின் பார்வையில் அந்த ரூபாய் தன் தகுதியை இழந்துவிடும் என்பது இதன் பொருள்.

போலியைக் கண்டுபிடிக்கவும் தராசு துணைசெய்யும். இந்த வெள்ளிக் கலவையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.3. முழு எடையுள்ள ரூபாயை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால், எடை சுமார் 1.13 கிராம் குறையவேண்டும். குறைவு இதனின்று பெரிதும் வேறுபட்டால் உலோகம் வேறு என்று கொள்ளலாம். அச்சடிக்காமல் வார்த்து எடுத்த போலிக் காசுகளில் குமிழிகள் விட்ட சிறு குழிகளும், விளிம்பைச் சுற்றி ஓடும் இணைப்புக் கோடும் காணப்படுவதுண்டு.

தட்சசீலத்துப் புதையல்

தேய்வு குறையாக மட்டும் கருதப்படாமல் சான்றாகக் கொள்ளப்பட்ட வரலாறு ஒன்று நம் நாட்டு அறிவியலுக்கு உரியது. இன்று பாகிஸ்தானில் உள்ள தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924-ஆம் ஆண்டில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் 1,000-க்கு மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் இருந்தன. அவற்றில் அரசர் பெயரோ ஆண்டோ இல்லை. சூரியன், மலை, விலங்கு போன்ற குறிகள் மட்டுமே உண்டு. ஆனால் அவற்றோடு அலெக்சாந்தரின் காசுகள் இரண்டும், அவருக்குப் பின் கி.மு. 323 முதல் 317 வரை அரசராக இருந்த பிலிப் அரிடேயசின் காசு ஒன்றும் இருந்தன. இக்கிரேக்கக் காசுகள் தேய்வின்றிப் புதியனவாக இருந்தன. புழங்கித் தேயுமுன்னரே அவை புதைந்திருக்கவேண்டும் என்பதால், புதையலின் காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதி எனத் தெளிவாயிற்று. மூன்று காசுகளின் புது நிலையே ஏனைய ஆயிரத்துக்குக் காலம் கூறியது.

முத்திரைக் காசுகளுக்குள் முந்தியது எது, பிந்தியது எது என்னும் வினா எஞ்சி நின்றது. புணேயில் கணிதப் பேராசிரியராக இருந்த டி. டி. கோசாம்பி 1940-ஆம் ஆண்டையொட்டி இதனை எடுத்துக்கொண்டார். இக்காசுகள் 32 குன்றிமணி எடை என்னும் ஒரே அளவைத் தழுவியவை. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் காசு மிகச் சிறிதளவு எடையை இழக்கிறது. தனிக் காசு ஒன்று தொடக்கத்திலேயே சற்றுக் கூடியோ குறைந்தோ இருந்திருக்கலாம். ஆனால் ஒரே வகைக் காசுகள் பலவற்றின் சராசரி எடையை எடுத்தால், அதன் குறைவு புழங்கிய காலத்தைக் காட்டும். இக்கருத்தின்படி அவர் காசுகளின் எடைகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். பின்புறத்தில் சிறு குறிகள் மிகுதியாக உள்ள காசுகளின் சராசரி எடை குறைவாக இருப்பதைக் கண்டார். அக்குறிகள் காசு புழக்கத்தில் இருந்தபோது அவ்வப்போது சோதித்து இடப்பட்டவை என்பது அதனால் விளங்கியது. தம் காலத்தில் புழங்கிய நாணயங்களையும் நிறுத்து, புழக்கத்தால் எடை குறையும் முறையை அவர் சரிபார்த்தார்.

இந்த ஆராய்ச்சி நடைபெற இரண்டு நிபந்தனைகள் வேண்டியிருந்தன. புதையல் சிதறாமல் ஒன்றாக இருக்கவேண்டும். காசுகளின் எடை பிற்காலக் கைகளால் மாற்றப்படாதிருக்கவேண்டும். பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்ட புதையலிலிருந்தோ, அமிலத்தில் கழுவிய காசுகளிலிருந்தோ இத்தகைய முடிவு பெறுவது இயலாது.

சேதமும் சான்றாகலாம். 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின்மீது, அரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. விற்பனைக்குத் தரம் பிரிப்பவருக்கு அது குறை. பண்டை வாணிகத்தை ஆராய்பவருக்கோ அக்காசுகளின் மிக முக்கியமான செய்தி.

பாசியும் நோயும்

வெள்ளிக்காசு கறுப்பது, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளிச் சல்பைடு உண்டாவதால். மெல்லிய, சீரான கறுப்பு காசுக்குத் தீங்கு செய்யாது. செப்புக்காசின்மீது இறுகிப் படிந்த பழுப்பு அல்லது கரும்பச்சைப் படலமும் அடியிலுள்ள உலோகத்துக்குக் காப்பாக அமைகிறது. புளியின் அமிலம் இப்படலத்தைக் கரைத்து, அதனோடு நுண்ணிய எழுத்துகளையும் அகற்றிவிடுகிறது. உடன் சேர்த்த உப்போ பெருங்கேடு விளைவிக்கும்.

காசில் வெளிர்பச்சைத் தூள் பூத்து, துடைத்தபின் மீண்டும் தோன்றுமாயின், அது சாதாரணக் களிம்பு அன்று. ‘வெண்கல நோய்’ எனப்படுவது. உலோகத்தினுள் தங்கிய குப்ரசுக் குளோரைடு ஈரக் காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது; அது மேலும் செம்பை அரித்து மீண்டும் குளோரைடை ஆக்குகிறது. இவ்வாறு சுழன்று காசு முழுவதும் பொடியாகலாம். இத்தகைய காசைப் பிறவற்றினின்று பிரித்து, ஈரமின்றி வைத்து, அருங்காட்சியகத்து வேதியியல் பிரிவினரிடம் காட்டுதல் வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

காசை விளிம்பில் மட்டுமே பிடிக்கவேண்டும். விரலின் வியர்வையில் உள்ள உப்பு பரப்பில் ரேகையாகப் பதிந்துவிடும். தனித்தனிக் காகித உறையில் இட்டு, உலர்ந்த இடத்தில் வைக்கலாம். கந்தகம் கலந்த இரப்பர் வளையமும், நாட்பட்டால் பிசுபிசுக்கும் பி.வி.சி. உறையும் ஆகா. ஒவ்வொன்றுக்கும் எடை, விட்டம், உலோகம், இரு புறங்களின் விவரம், தேய்வு, சேதம், அரிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். புதையலாயின் எத்தனை காசுகள், எவ்வளவு ஆழத்தில், எக்கலத்தில் இருந்தன என்பனவும் தேவை. உடைந்த பானையின் ஓடும் எறியத்தக்கதன்று.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். தவறினால் தம் பங்கை இழப்பதுடன் தண்டனைக்கும் உள்ளாவார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுள்ள நாணயம் தொல்பொருளாகும். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. இவற்றை மக்களுக்கு எடுத்துக்கூறும் வாய்ப்பு களப்பணியாளருக்கே மிகுதி.

வகுப்பறையில் ஒரு சோதனை

கோசாம்பியின் முறையைப் பள்ளியிலும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். 1992 முதல் வெளிவந்த செம்பு நிக்கல் 5 ரூபாய் நாணயத்துக்கு விதித்த எடை 9 கிராம். மாணவர் கொணரும் அத்தகைய நாணயங்களை ஆண்டு வாரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டிலும் பத்து நாணயங்களைச் சேர்த்து நிறுத்துச் சராசரி காணவேண்டும். எடை குறையும் போக்கை வரைபடத்தில் குறித்தபின், அதே நாணயங்களை உருப்பெருக்கியால் நோக்கி, சிங்கமுகத்தின் பிடரி எவ்வளவு மழுங்கியுள்ளது என ஒப்பிடலாம். ஒற்றை நாணயம் ஏமாற்றலாம், பல நாணயங்களின் சராசரி எளிதில் ஏமாற்றாது என்னும் உண்மையை மாணவர் தம் கையாலேயே கண்டறிவர்.

அவ்வாறு கண்டறிந்த மாணவன், நாளை தன் தந்தையின் நிலத்தில் ஏர்முனையில் ஒரு காசு தட்டுப்படும்போது, அதனைப் புளியிட்டுத் தேய்க்கமாட்டான். மண்ணோடு எடுத்துக் காகிதத்தில் மடித்து, கிடைத்த இடத்தை எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் வருவான்.