ஐந்தாண்டு என்னும் எல்லைக்கோடு

பணி மாறும்போது, பழைய நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியை உடனே எடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. கடனை அடைக்கவோ, வீட்டுச் செலவுக்கோ அத்தொகை கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆயினும், ஐந்தாண்டுத் தொடர் பணி நிறைவடையும் முன் கணக்கை முடித்துப் பணம் பெற்றால், அதற்கு வருமான வரி உண்டு என்பதைப் பலரும் அறிவதில்லை.

நிறுவனம் செலுத்திய பங்கும் அதன் வட்டியும் சம்பள வருமானமாகக் கொள்ளப்படும். உங்கள் பங்குக்குரிய வட்டி, இதர வருமானத்தில் சேரும். உங்கள் பங்கிற்கு முன்னர் 80சி பிரிவின்கீழ் வரிக்கழிவு பெற்றிருந்தால், அச்சலுகையும் விலகிவிடும்.

எடுக்கும் தொகை 50,000 ரூபாயை எட்டினால், மூலத்திலேயே 10 சதவீதம் வரி பிடிக்கப்படும். பான் எண் அளிக்காதவர்களுக்கு இது 20 சதவீதம். மூன்றாண்டுப் பணிக்குப்பின் 2,00,000 ரூபாய் எடுப்பவரின் கைக்கு 1,80,000 ரூபாயே வந்து சேரும். இத்துடன் வரி முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. அவர் 20 அல்லது 30 சதவீத வரி வரம்பில் இருப்பவராயின், எஞ்சிய வரியைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது செலுத்த வேண்டியிருக்கும். வருமானம் வரி வரம்பிற்குள் வராதவர், பிடித்த தொகையைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

உடல்நலக் குறைவு, நிறுவனம் மூடப்படுதல் போன்று, ஊழியரின் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட காரணங்களால் பணி முடிவுற்றால் இவ்வரி இல்லை.

மற்றவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. யூஏஎன் எண்ணைக்கொண்டு பழைய இருப்பைப் புதிய நிறுவனக் கணக்கிற்கு மாற்றிக்கொண்டால், முந்தைய பணிக்காலமும் ஐந்தாண்டுக் கணக்கில் சேரும். மேற்சொன்னவர் புதிய இடத்தில் இன்னும் இரண்டே ஆண்டுகள் பணியாற்றினால், வரியின்றி முழுத்தொகைக்கும் உரியவராவார்.

வரியைவிடப் பெரிய இழப்பு, வளர்ச்சியை இழப்பதே. 2024-25ஆம் நிதியாண்டில் இந்நிதிக்கு 8.25 சதவீத வட்டி வழங்கப்பட்டது. அதே விகிதம் நீடிப்பதாகக் கொண்டால், இன்று எடுக்காமல் விடும் 1,00,000 ரூபாய், 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 7,25,000 ரூபாயாகப் பெருகும்.

அவசரத் தேவைகளுக்கெனத் தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வாருங்கள். முதுமைக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைக்கும் நிலை அதனால் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.