காய்ச்சல் கணக்கு – 9: வேலூரில் சிக்கிய இரட்டையர்

ரொனால்ட் ராஸின் கொசுக்கணக்கு போன வாரத்தோடு முடிந்தது. நல்ல செல், தொற்றிய செல், வைரஸ் என்ற மூன்று சமன்பாடுகளை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் சிகிச்சைக் கணக்கு என்று அறிவித்திருந்தேன். நடுவில் வேலூர் வந்து குறுக்கே நின்றுவிட்டது.

1964. வேலூரில் காய்ச்சல்காரர் ஒருவரிடம் எடுத்த ஒரே ரத்த மாதிரியில் சிக்குன்குனியாவும் இரண்டாம் வகை டெங்குவும் சேர்ந்தே சிக்கின. மையர்ஸ், கேரி என்ற இரு ஆய்வாளர்கள் இதை 1967-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பி.சி.ஆர். பரிசோதனை பிறக்கக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு இருந்த காலம். ஒரு வைரஸ் அகப்பட்டதும் 'காரணம் தெரிந்துவிட்டது' என்று கோப்பை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் மூடவில்லை.

இந்த இரண்டு வைரஸையும் சுமப்பது ஒரே ஏடிஸ் கொசு. ஒரே கடியில் இரண்டையும் இறக்க அதனால் முடியும் என்று ஆய்வகத்தில் 2017-ல் காட்டினார்கள். வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டை மாவட்டத்தில், குழாயில் தண்ணீர் வரும்போதே பிடித்துவைக்கும் சிமெண்ட் தொட்டியும் டிரம்மும்தான் அதற்கு வீடு. முட்டையைத் தண்ணீரில் விடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். தொட்டி காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது, உட்சுவரை நாரால் தேய்த்தாக வேண்டும்.

சரி, சமன்பாட்டுக்கு வருவோம். இரண்டு வைரஸுக்கும் ஒரே வகைச் செல்தான் இரை என்றால், நல்ல செல்களின் எண்ணிக்கையிலிருந்து வைரஸுக்கு ஒன்றாக இரண்டு கழித்தல்கள் விழும். கண்மாய் ஒன்று, மடை இரண்டு. முந்தித் திறந்தவன் வயல்தான் நனையும். அமெரிக்க ஆய்வாளர்கள் பிங்கியும் டொப்ரொவோல்னியும் மூச்சுப்பாதை வைரஸ்களை வைத்து 2016-ல் இப்படிக் கணக்கிட்டார்கள். வேகமாகப் பெருகும் ரைனோவைரஸ் மற்றவற்றை அடக்கியது. மெதுவான பாராஇன்புளுயன்சா எதனுடன் சேர்ந்தாலும் அடங்கிப்போனது. டெங்கு–சிக்குன்குனியா ஜோடிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அவை நாடும் செல்கள் முழுக்க ஒன்றல்ல.

மருத்துவரின் சிக்கல் இன்னும் நேரடியானது. சிக்குன்குனியாவின் மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் கேட்கும் உடம்பு. டெங்குவோ ரத்தக்கசிவு பயத்தால் அதை விலக்கச் சொல்லும். சிக்குன்குனியா 'பாசிட்டிவ்' என்று தாள் வந்ததும் மாத்திரைக் கடைக்கு ஓடுகிறவர்கள், டெங்கு இல்லை என்று அந்தத் தாள் எங்குமே சொல்லவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. அது தெளியும்வரை பாராசிட்டமால்தான்.

சேர்ந்திருக்கும் இரண்டு வைரஸில் ஒன்றை மருந்தால் ஒழித்தால் அடங்கிக் கிடந்த மற்றது எழுமா? எழுந்திருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸை ஒழிக்கும் மருந்து சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பழைய ஹெபடைடிஸ் பி தலைதூக்கியதால், 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துப் பெட்டிகளுக்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அந்தக் கல்லீரல் கணக்கு அடுத்த வாரம். வேறு ஊர் எதுவும் குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)