கீரப்பாளையத்துக்கு எத்தனை எழுத்து?

கீரப்பாளையம், சிதம்பரத்தை அடுத்த ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். பெயரில் எத்தனை எழுத்து? பள்ளிச் சிறுவனும் ஏழு என்பான். கம்ப்யூட்டரோ 36 இடம் கேட்கிறது!

'கீ' நமக்கு ஓரெழுத்து. கம்ப்யூட்டருக்கோ 'க' ஒன்று, அதன் மேல் விழும் சுழி ஒன்று. ஆக இரண்டு குறிகள். இப்படி எண்ணினால் ஊர்ப் பெயரில் 12 குறிகள். யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 'பைட்' இடம் வேண்டும். ஆக 36. ஆங்கிலத்தில் இதே பெயருக்கு 12 பைட் போதும்.

பெயர் நீண்டால் வம்பு

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பைலின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் அது 85 குறி; ஏறக்குறைய 50 எழுத்துதான். விண்டோஸில் தமிழ்க் குறியையும் ஒன்றாகவே எண்ணுவதால் 255 குறி வரை செல்லும்.

குடிநீர் கேட்டு எழுதிய மனுவுக்கு ஊர், ஒன்றியம், மாவட்டம், விஷயம் எல்லாம் சேர்த்து ஒருவர் விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸுக்கு மாற்றும்போது அந்த பைல் போய்ச் சேராது. திரையில் வருவது என்ன? பல மென்பொருள்களில் "பிழை ஏற்பட்டது" என்ற இரண்டே சொல்! மனு கெட்டதா, டிஸ்க் கெட்டதா, நாம்தான் தவறு செய்தோமா என்று மனிதர் தவிப்பார்.

தபால்காரர் தேவலை

பட்டுவாடா ஆகாத கடிதத்தைத் திருப்பும் தபால்காரர்கூட "விலாசதாரர் இல்லை", "வாங்க மறுத்தார்" என்று உறை மேல் காரணம் எழுதுகிறார். மென்பொருளுக்குக் காரணம் தெரியாதா? தெரியும்! ஒவ்வொரு தோல்விக்கும் லினக்ஸ் ஓர் எண் கொடுக்கிறது. 2 என்றால் அப்படி பைலே இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 28 என்றால் டிஸ்கில் இடமில்லை. பெயர் நீளத்துக்கும் தனி எண் உண்டு. கையில் கிடைத்த காரணத்தை விழுங்கிவிட்டு வெறுமனே "பிழை" என்பது மென்பொருளை எழுதியவரின் குறையே.

நான்கு வரி போதும்

எந்த பைல், என்ன காரணம், மூலப் பிரதி பத்திரமா, அடுத்து என்ன செய்வது? இந்த நான்கும் தெரிந்தால் போதும். "குடிநீர் மனு என்று தொடங்கும் பைலைப் பிரதி எடுக்க முடியவில்லை. பெயர் மிக நீளம். மூல பைல் பத்திரமாக இருக்கிறது. பெயரைச் சுருக்கி மீண்டும் முயலுங்கள்." இதைப் படித்தவர் அரை நிமிடத்தில் வேலையை முடித்துக்கொள்வார்.

எல்லாவற்றிலும் மோசம் வேறொன்று. நூறு பைலில் ஒன்றை விட்டுவிட்டு "முடிந்தது" என்று சொல்லும் மென்பொருளும் உண்டு. அதை நம்பி மூலத்தை அழித்தவருக்கு மனுவே போய்விடும். பட்டுவாடா ஆகாத கடிதத்தை ஆகிவிட்டது என்று சொல்லும் தபால்காரரை யாராவது மன்னிப்பார்களா?

எழுத்தை எப்படி வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளட்டும். நமக்குச் சொல்லும் பதில் மட்டும் நமக்குப் புரிய வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும்!